கட்டியவர் பெயர்

எங்கள் அடுக்களைச் சுவரில், அரிசிப் பானைக்கு மேலே, ஐந்து பலகைத் துண்டுகள் தொங்கும். ஒன்று பிறை மாதிரி இருக்கும். ஒன்று வாயகன்ற உருளியைக் குறுக்கே அறுத்துவைத்தது மாதிரி. மற்ற மூன்றும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை. ஓரமெல்லாம் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் தச்சுப் பென்சிலால் போட்ட கோடுகளும் எண்களும், ஒரு மூலையில் சின்னதாய் ஒரு சிலுவைக்குறியும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், "அவருக்க அச்சு" என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

வள்ளத்தின் வங்குகளை, அதாவது உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களை, வெட்டுவதற்கான அச்சு அவை. அப்பா தன் கையால் கட்டிய வள்ளத்தை அரசாங்கத்தில் பதிவதற்காக 2011-ல் நானும் அவரும் நான்கு மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலை முடித்துவைத்தவை இந்தப் பலகைத் துண்டுகள்தாம்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கருமணல் கடப்புறம். ஆனி ஆடியில் கரையடிக்கும் அலை ஆளைத் தூக்கி மணலில் அறையும். அப்படிப்பட்ட அலையைத் தாண்டிப் போய்வர எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது கட்டுமரத்தை. மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டிக் கடலுக்குப் போவார்கள், திரும்பி வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய தடிகள் கிடைப்பது அருகி, விலையும் ஏறிக்கொண்டே போன காலத்தில்தான் பிளைவுட் வந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்து முட்டத்தில் தங்கிய பியேர் ஜில்லே என்ற பொறியாளர் இதற்காக வருடக்கணக்கில் பாடுபட்டார். கப்பல் பிளைவுட்டை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து, பிசின் பூசி வள்ளமாக்கும் முறையை இங்குள்ள மீனவர்களோடும் தச்சர்களோடும் சேர்ந்து அவர் வடித்தெடுத்தார். அந்த அனுபவத்தை 1985-ல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் ஒரு பிளைவுட் வள்ளத் தளத்தில் மூன்று வருடம் கையாளாக நின்றார். கடலில் தொழில் இல்லாத நாட்களில் கூலிக்குப் போனவர், திரும்பும்போது தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார். அச்சுகள் அப்போது வெட்டியவை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் பழைய வள்ளம் போயிற்று. ஆட்கள் தப்பினோம், அது பெரிய விஷயம். உதவி என்று வந்த ஒரு ஃபைபர் வள்ளத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்துப் பங்கு கிடைத்தது. கொடுத்தவர்களின் மனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வள்ளம் எங்கள் அலைக்கு ஏற்றதாக இல்லை. அணியம், அதாவது முன்மூக்கு, தாழ்வு. அலையில் ஏறும்போது மூக்கைக் குத்தும். இரண்டாவது வருடமே அடிப்பகுதியில் பாளம் பாளமாக விரிசல் விட்டது. மூன்றாவது முறை ஒட்டுப்போட்ட அன்று அப்பா அச்சுகளைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துவைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "சங்கிலி போச்சு" என்றாள். அவள் சொன்னபடியே அவளுடைய சங்கிலி மறுவாரம் கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் ஓலைப் பந்தல் போட்டு அதன் அடியில் வள்ளம் வளர்ந்தது. 2010 ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரை. பன்னிரண்டு பிளைவுட் பலகை, எல்லாம் கப்பல் பிளைவுட்டுக்கான 710 முத்திரை போட்டது. அந்த முத்திரை இல்லாத பலகையை அப்பா தொடமாட்டார். கடைக்காரர் விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும், பலகையின் ஒரு துண்டை வாங்கிவந்து அடுப்பில் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார். அடுக்குப் பிரிந்தால் அது கடலுக்கு ஆகாது.

எட்டடிப் பலகைகளின் விளிம்பைச் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி நீளமாக்குவார். வெட்டிய பலகைகளின் ஓரத்தில் நாலு விரலுக்கு ஒரு துளை. அந்தத் துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்துக் குறடால் முறுக்குவார். தட்டையாகத் தரையில் கிடந்த பலகைகள் முறுக்க முறுக்க எழுந்து வளைந்து, ஒரு நாள் சாயங்காலத்துக்குள் வள்ளத்தின் உருவம் வந்து நின்றது. கல்லூரியிலிருந்து வந்து பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. காலையில் அது பலகையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தானே பஸ் ஏறினேன்.

பிசின் கலக்கும் வேலை என்னுடையதாயிற்று. பழைய டால்டா டப்பாவில் ரெசினை ஊற்றி, முதலில் ஊதா நிறத்து ஆக்ஸிலரேட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் மாதிரி இருக்கும் கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் நேராக ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அதனால் அப்பா ஒரு பாட்டிலைப் பந்தலின் இந்தக் காலிலும் இன்னொன்றை அந்தக் காலிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கலந்த சில நிமிடங்களில் டப்பா கையில் சுடத் தொடங்கும். அதற்குள் பூசி முடித்துவிட வேண்டும். கண்ணாடி இழைப் பாயை வெட்டும் நாட்களில் உடம்பெல்லாம் அரிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் அவர் அதில் கைவைப்பார். அணியத்திலும் பின்பக்கத்திலும் தெர்மக்கோல் கட்டிகளை அடைத்து மூடினார். "கவுந்தாலும் இது தாழாது" என்று தட்டிக் காட்டினார். அந்த உறுதி அவருக்கு முக்கியம்.

வள்ளம் இறங்கியது. அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி, பங்குத்தந்தையின் ஜெபம், எல்லோருக்கும் அவல். முதல் நாளே ஒரு கூடை சாளை. ஆனால் தாளில் அந்த வள்ளம் இன்னும் பிறக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1983-லேயே கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்துவிட்டது. படகைப் பதிய வேண்டும் என்பது அதிலேயே உண்டு. ஆனால் எங்கள் கடப்புறத்துச் சின்ன வள்ளங்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் கரையை நெருங்கினார்கள். அதன் பிறகு நிலைமை மாறிற்று. மறு வருடமே மத்திய அரசு 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க ஒரே மாதிரி எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பதிகிற வேலை அந்தந்த மாநில மீன்துறையிடம் வந்தது. எண்ணைப் பார்த்தாலே நாடு, மாநிலம், மாவட்டம், படகின் இனம் எல்லாம் தெரிந்துவிடும். கடலில் ரோந்துக்காரர்கள் எண்ணைக் கேட்டார்கள். மானிய மண்ணெண்ணெய்க்கும் எண் கேட்டார்கள். எண் இல்லாத வள்ளம் கரையேறும்போது நாலு பேர் பார்க்கும் பார்வை வேறாக இருந்தது.

நான் அப்போது நாகர்கோவிலில் பி.காம் கடைசி வருடம். எங்கள் வீட்டில் ஆங்கிலப் படிவத்தை நிரப்பத் தெரிந்த ஒரே ஆள். மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அப்பாவும் நானும் மீன்துறை அலுவலகத்துக்குப் போனோம். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். படிவத்தில் பெயர், அப்பா பெயர், ஊர், சங்க உறுப்பினர் எண், படகின் நீளம், அகலம், ஆழம் என்று எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே நிரப்பியிருந்தேன். "கட்டியவர் பெயர், முகவரி" என்ற இடத்தில் அப்பாவின் பெயரையே எழுதினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தைப் புரட்டி அந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"இது ஓனர் பேரு. நான் கேக்குறது கட்டின யார்டு பேரு."

"நான்தான் சார் கெட்டினேன்" என்றார் அப்பா.

"எந்த யார்டுல?"

"வீட்டுல. எனக்க வீட்டு முற்றத்துல."

அவர் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்தின் பில்லும் சான்றிதழும் இல்லாமல் கோப்பு நகராது என்றார். இது திருட்டு வள்ளம் இல்லை என்றும், வேறொரு மாவட்டத்தில் ஏற்கெனவே பதிந்ததை இங்கே கொண்டுவந்து மறுபடி பதியவில்லை என்றும் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களிடம் பதில்தான் இல்லை. படிவம் திரும்பி வந்தது. வரும் வழியில் அப்பா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். ரெசின் பட்டுத் தோல் உரிந்த கை.

அன்று சாயங்காலமே ஒரு வழி சொல்ல ஆள் வந்துவிட்டார். தெரிந்தவர்தான். வேறு ஊரில் ஒரு தளம் இருக்கிறது, மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் அவர்கள் கட்டியதாக பில்லும் சான்றிதழும் தருவார்கள், மறுநாளே கிடைக்கும். இப்படி நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

அம்மா உடனே சம்மதித்தாள். நானும்தான். சங்கிலி அடகில் கிடக்கிறது, பரீட்சை நெருங்குகிறது, ஒரு தாளுக்காக இத்தனை அலைச்சல் எதற்கு என்று எனக்கு இருந்தது. அப்பா திண்ணையில் வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"அவனுக்க கை படாத வள்ளத்துக்கு அவன் எப்பிடி ஒப்பு போடுவான்?"

"தாளுக்குத்தானே அப்பா" என்றேன்.

"தாளுலதான் மக்ளே நிக்கும். வள்ளம் பத்து வருசத்துல போவும். தாளுல அவன் பேருதான் கெடக்கும்."

வந்தவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்று அவள் சேர்த்தது அந்தச் சங்கிலி. அவள் கோபத்திலும் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்பா சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் அதே வாக்கியம் வந்து நின்றது. அவர் வாழ்நாளில் அவர் பெயர் அச்சில் வந்த இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, என் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர். அவர் செய்த ஒன்றுக்குப் பக்கத்தில் அவர் பெயர் எங்கேயும் வந்ததில்லை.

அதன் பிறகு நான் தாள் சேர்க்கத் தொடங்கினேன். பிளைவுட் பில் மண்ணெண்ணெய் டின்னுக்கு அடியில் கிடந்தது. பாதி எழுத்து எண்ணெயில் கரைந்திருந்தது. கடைக்குப் போய் நகல் கேட்டேன். பழைய பில் புத்தகத்தைத் தேடும் சிரமத்தைக் கடைக்காரர் எனக்காக ஏற்றுக்கொண்டார், மூன்றாம் முறை போனபோது கிடைத்தது. ரெசின் வாங்கிய இடத்தில் பில்லே போடவில்லை. வாங்கியதாக ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். மீனவர் சங்கச் செயலாளர் ஒரு கடிதம். பங்குத்தந்தை ஒரு கடிதம்: இந்த வள்ளம் இன்னாரின் வீட்டு முற்றத்தில் கட்டப்பட்டதை நான் நேரில் பார்த்தேன், இறக்கிய அன்று ஜெபித்தேன் என்று. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம். சொந்த உபயோகத்துக்காகச் சொந்தக் கையால் கட்டியது, வேறு எங்கும் பதியப்படவில்லை, சொன்னது பொய்யானால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுகிறேன். அதை நான் வாசித்துக்காட்டியபோது அப்பா கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு ஒப்புப் போட்டார்.

எஞ்சின் எண்தான் பெரிய தொல்லை. இரண்டாம் கையாக வாங்கிய பழைய எஞ்சின், உப்பு தின்று எண் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அப்பா எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தார். நான் என் பரீட்சை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தேன். கறுப்பு பரவப் பரவ நடுவில் வெள்ளையாக எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. வெயில் சாய்ந்ததும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தோம், எட்டு. விற்றவரைத் தேடிப்போய் அவருடைய பழைய ரசீதோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இவ்வளவையும் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் "பார்த்துச் சொல்கிறோம்" என்று இரண்டு மாதம். நடுவில் ஆள் மாறினார். புதிதாக வந்த ஆய்வாளர் இளைஞர். கோப்பை முதலிலிருந்து வாசித்திருக்கிறார். வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் கையில் டேப்போடு கடப்புறத்துக்கே வந்துவிட்டார்.

வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. ஒரு முனையை அப்பாவிடம் பிடிக்கச் சொல்லி நீளத்தை அளந்தார். படிவத்தில் நாங்கள் எழுதியது இருபத்திரண்டு அடி. டேப்பில் வந்தது இருபத்து நாலு அடி மூன்று அங்குலம். ஆய்வாளர் முகம் மாறியது. வேறு வள்ளத்தைக் காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அப்பாதான் சொன்னார், தான் சொன்னது ஏராவின் நீளம் என்று. வள்ளம் கட்டுகிறவனுக்கு நீளம் என்றால் அடியில் மணலில் பதிகிற அந்த மரத்தின் நீளம்தான். அரசாங்கத்துக்கு மூக்கு நுனியிலிருந்து பின்பலகை வரை. குனிந்து ஏராவை அளந்தார் ஆய்வாளர். சரியாக இருபத்திரண்டு. படிவத்தில் 7.39 மீட்டர் என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அகலம் 1.57. ஆழம் 0.71.

பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்கதான் கட்டினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், பெரியவரே?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இதே கேள்வியை முதல் நாளும் கேட்டார்கள், ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்து.

அப்பா ஒன்றும் பேசாமல் வீட்டைப் பார்க்க நடந்தார். திரும்பி வரும்போது ஐந்து அச்சும் அவர் தோளில் இருந்தன. வள்ளத்துக்குள் இறங்கி, நடுவங்கின் மேல் கவிழ்ந்து கிடந்த வலையை ஒதுக்கிவிட்டு, அந்த அகன்ற அச்சை எடுத்து வங்கோடு சேர்த்து வைத்தார். நகக்கண் நுழைய இடமில்லை. வளைவோடு வளைவு உட்கார்ந்துகொண்டது. அடுத்த வங்குக்கு அடுத்த அச்சு. அணியத்தை ஒட்டிய கடைசி வங்குக்குப் பிறை. பிறகு ஆய்வாளரை உள்ளே கூப்பிட்டு, பலகை ஓரமாக ரெசினுக்கு அடியில் வரிசையாகத் தெரியும் புள்ளிகளைக் காட்டினார். செம்புக் கம்பி கோத்த துளைகள், மூடிய பிறகும் வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்தன. அணியத்துக்குள்ளே, பெயிண்ட் ஏறாத மூலையில், பென்சிலால் போட்ட சின்னச் சிலுவைக்குறி. அச்சிலும் அதே குறி.

ஆய்வாளர் பிறையைக் கையில் வாங்கி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது எத்தனை வருஷத்துது?" என்றார். "எனக்க மவளுக்க வயசு" என்றார் அப்பா. ஆய்வாளர் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் சான்றிதழ் வந்தது. IND என்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு TN, எங்கள் மாவட்டத்துக்கு 15, எஞ்சின் பொருத்திய சின்ன வள்ளம் என்பதற்கு MO, அதற்குப் பிறகு எங்கள் எண். உரிமையாளர் என்ற இடத்தில் அப்பா பெயர். கட்டியவர் என்ற இடத்திலும் அப்பா பெயர். ஒரே தாளில் இரண்டு முறை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அம்மா அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பூட்டினாள். சங்கிலி திரும்பி வர இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று.

எண்ணை எழுதும் வேலை அப்பாவுக்கு. ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. நான் சுண்ணாம்புக் கட்டியால் அணியத்தின் இரண்டு பக்கமும் வரைந்து கொடுத்தேன். வளைந்த பலகையில் நேராக எழுத முடியவில்லை, மூன்று தடவை அழித்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் வலைக்கண் பின்னும் கவனத்தோடு, கோடு தாண்டாமல் வெள்ளை அடித்தார். தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து N-இன் சாய்வுக் கோட்டை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கினார்.

அந்த எண்ணின் கனம் எனக்குப் பிடிபட்டது 2017 நவம்பர் 30-ஆம் தேதிதான். ஒக்கிப் புயல் அடித்த ராத்திரிக்கு மறுநாள். நான் அப்போது பள்ளி ஆசிரியை. கோயில் வளாகத்தில் மேசை போட்டு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலை எழுத என்னையும் உட்காரவைத்தார்கள். அப்பாவின் வள்ளம் அன்று கரையில் கிடந்தது, அவருக்குக் காய்ச்சல். வரிசையில் வந்த பெண்கள் எண்ணைச் சொன்னார்கள். சிலர் மனப்பாடமாக, சிலர் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு. எண்ணைச் சொன்னால் எழுதிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப முடிந்தது. ஒரு அக்கா மட்டும் எண் சொல்லவில்லை. "நீல வள்ளம் மக்ளே, ரெண்டு பேரு போனாவ" என்றாள். பதியாத வள்ளம். எண் எழுதும் கட்டத்தில் "நீலம்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யார், எங்கே, எதைத் தேடுவார்கள்? அதற்குப் பிறகு நிவாரணத்துக்காக அந்தக் குடும்பம் ஏறி இறங்கிய படிகளை நான் கூடவே இருந்து பார்த்தேன். இரண்டு ஆண்கள் கடலுக்குத்தான் போனார்கள் என்பதையே அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. வீட்டில் கட்டியதற்கு பில் இல்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டதோடு அந்த வள்ளத்தின் பதிவு நின்றுபோயிருந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு கோபம் உண்டு, இன்றும் ஆறவில்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கடப்புறத்துக்கு இறங்கிவர ஒரு மத்தியானம் போதும்.

அப்பா 2019-ல் போனார். வள்ளத்தைச் சித்தப்பா மகன் இரண்டு வருடம் ஓட்டினான். அடியில் பலகை ஊறத் தொடங்கியது. அப்பா சொன்ன பத்து வருடம் கணக்காக வந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளால் அறுத்தார்கள். தெர்மக்கோல் கட்டிகள் வைத்தபடியே வெளேரென்று வெளியே வந்தன.

பதிவை ரத்து செய்ய நான்தான் அலுவலகத்துக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் "பழுதடைந்ததால் உடைக்கப்பட்டது" என்று எழுதினேன். அசல் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கொடுப்பதற்கு முன் வெளியே வந்து எதிர்க்கடையில் இரண்டு நகல் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவிடம் பிசின் கலக்கக் கற்றவன். சொந்தமாக ஒரு வள்ளம் கட்டப்போகிறானாம், அச்சு வேண்டுமாம். அம்மா சுவரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தாள். அவன் அவற்றைத் தோளில் அடுக்கிக்கொண்டு நின்றான். நான் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துவந்து அவன் சட்டைப்பையில் வைத்தேன். முதல் பலகை வாங்குகிற அன்றே பில் வாங்கி இதில் போடு, ரெசினுக்கும் பில் கேள், எஞ்சின் எண்ணை உப்பு தின்பதற்கு முன்னால் எழுதிவை, பலகை தட்டையாகக் கிடக்கும்போதே நீ நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள் என்றேன். "ஏராவ அளக்காத, மூக்குலேருந்து அள" என்றாள் அம்மா.